டை போட்ட முடியில் ஹைலைட்ஸ்: வீட்டிலா, பார்லரிலா? வடசென்னைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

நரையை மறைக்க வருடக்கணக்கில் டை போட்டு வருகிறீர்கள். இப்போது முன்பக்கம் நாலு பிரவுன் ஸ்ட்ரீக்ஸ் இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஆசை. வீட்டிலேயே செய்தால் ஆயிரத்தைச் சுற்றி முடிந்துவிடும் என்று ஒருவர் சொல்வார். பார்லரில் ஐயாயிரம் கேட்பார்கள் என்று இன்னொருவர் பயமுறுத்துவார். பணத்தை வைத்து இந்த முடிவை எடுக்காதீர்கள். உங்கள் முடியில் ஏற்கெனவே என்ன ஏறியிருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் வீடா பார்லரா என்று முடிவு செய்ய வேண்டும்.

என் வீட்டுக்குப் பக்கத்துப் பார்லர் ஒன்றில் அந்தக் கேள்வியையே கேட்காமல் பிளீச் போட்டுவிட்டார்கள். வேர்ப்பக்கம் மஞ்சள், நடுவில் செங்கல் நிறம், நுனியில் பழைய கறுப்பு என்று மூன்று பட்டையாக முடி நின்றது. அதைச் சரிசெய்ய பெரம்பூர், வண்ணாரப்பேட்டை, சவுகார்பேட்டை என்று அலைந்தபோது தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். நீங்கள் அலைய வேண்டாம்.

1. முடியின் கணக்கை எழுதுங்கள்

முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வளரும். 60 சென்டிமீட்டர் நீளம் இருந்தால் நுனியில் இருப்பது ஏறக்குறைய நான்கு வருடத்துக்கு முந்தைய முடி. அதன் மேல் அப்போது போட்டது எல்லாம் இன்னும் அங்கேயே இருக்கும். "போன வருஷம் போட்டது, போயிருக்கும்" என்று நினைக்காதீர்கள். நிறம் மங்குமே தவிர முழுதாகப் போகாது.

பெரம்பூரில் எனக்குச் சரிசெய்து கொடுத்த பெண் முதலில் செய்தது இதைத்தான். என்னை வாசல் வெளிச்சத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒரு கொத்து முடியை வெள்ளைத் துண்டின் மேல் விரித்துப் போட்டு, "இதோ பாருங்கக்கா, இங்க வரைக்கும் உங்க சொந்த முடி. இதுக்குக் கீழ டை. இந்த நுனி சிவப்பு, எப்பவோ மருதாணி வச்சிருக்கீங்க" என்று விரலால் கோடு போட்டுக் காட்டினார். உங்கள் முடியையும் ஒருநாள் காலை வெயிலில் மொட்டைமாடியில் அப்படி விரித்துப் பாருங்கள். போட்டோ எடுத்து வையுங்கள்.

அப்புறம் ஒரு தாளில் எழுதுங்கள்: எந்த டை, எந்த மாதம், எந்த ஷேடு எண், மருதாணி வைத்தீர்களா, ஸ்ட்ரெயிட்டனிங், ஸ்மூத்தனிங், கெரட்டின் ஏதாவது உண்டா. டை பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். பெட்டியின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுங்கள். ஷேடு எண்ணில் முதல் இலக்கம் முடி எவ்வளவு கருமை என்பதைச் சொல்லும். 1 என்றால் கறுப்பு, 3 என்றால் அடர் பிரவுன், 5 என்றால் வெளிர் பிரவுன். புள்ளிக்குப் பின்னால் வரும் எண் சாயலைக் குறிக்கும். பார்லரில் இருப்பவருக்கு இந்த ஒரு போட்டோ பத்து நிமிட விளக்கத்தைவிட உதவும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். புது டை பழைய டையை வெளுக்க வைக்காது. கறுப்பு டை போட்ட முடியில் கேரமல் நிற டையைத் தடவினால் வேர்ப்பக்கம் வளர்ந்த சொந்த முடி மட்டும் கொஞ்சம் நிறம் மாறும், மற்ற நீளம் அப்படியே இருக்கும். "பிளீச் இல்லாமலே ஹைலைட்ஸ்" என்று பெட்டியில் போட்டு விற்பதெல்லாம் டை படாத முடிக்குத்தான்.

2. மருதாணி, கறுப்பு ஹென்னா வைத்தவர்கள் இங்கே நில்லுங்கள்

தோட்டத்து மருதாணி இலையை அரைத்து வைத்ததால் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் அந்தச் சிவப்பு லேசில் போகாது, பிளீச் போட்டாலும் ஆரஞ்சில் நின்றுவிடும். அவுரிப் பொடி சேர்த்திருந்தால் பிளீச்சில் பச்சை அடிக்க வாய்ப்பு உண்டு.

பயப்பட வேண்டியது பாக்கெட்டில் வரும் கலவைப் பொடிகளுக்கு. சிலவற்றில் உலோக உப்புகள் இருக்கும். அவை பிளீச் பவுடரைக் கலக்கும் திரவமான டெவலப்பரில் இருக்கும் பெராக்சைடுடன் சேர்ந்தால் முடி சூடாகும், புகையும், அறுந்தும் போகும். கறுப்பு ஹென்னா என்று விற்கும் பல பாக்கெட்டுகளில், சாதாரண டையில் இருக்கும் அதே பிபிடி என்கிற ரசாயனம்தான் இருக்கிறது. "நான் டையே போட்டதில்லை, ஹென்னாதான்" என்று பார்லரில் சொல்லிவிடாதீர்கள். பாக்கெட்டையே கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

3. ஒரு கொத்து முடியை வெட்டிச் சோதியுங்கள்

வீடு, பார்லர் இரண்டுக்கும் இது பொது. பின்கழுத்துப் பக்கம், மேல்முடி மூடுகிற இடத்தில், இருபது முப்பது இழை சேர்த்து முழு நீளத்துக்கு வெட்டி ஒரு முனையில் நூல் கட்டுங்கள். கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் கிண்ணத்தில் பிளீச் பவுடரையும் டெவலப்பரையும் பாக்கெட்டில் சொன்ன அளவில் கலந்து அந்தக் கொத்தில் தடவுங்கள். எவர்சில்வர் கிண்ணம் வேண்டாம்.

முதல் ஐந்து நிமிடம் பக்கத்திலேயே இருங்கள். கிண்ணம் சூடானாலோ, நுரைத்துப் பொங்கினாலோ, புகை வந்தாலோ உடனே தண்ணீரில் போட்டுவிடுங்கள். அந்த முடியில் பிளீச் படவே கூடாது, விஷயம் அதோடு முடிந்தது. ஒன்றும் ஆகவில்லை என்றால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் துடைத்து நிறம் பாருங்கள். கறுப்பு முதலில் செம்பழுப்பாகும். பிறகு சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் கலந்த ஆரஞ்சு, கடைசியில் மஞ்சள் என்று படிப்படியாகப் போகும். எந்த நிறத்தில், எத்தனையாவது நிமிடத்தில் நிற்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். பாக்கெட்டில் போட்ட உச்ச நேரத்தைத் தாண்டாதீர்கள்.

கழுவியதும் ஈரத்தோடு ஓர் இழையை மெதுவாக இழுங்கள். கொஞ்சம் நீண்டு பழையபடி சுருங்கினால் முடி தாங்குகிறது. சூயிங்கம் மாதிரி நீண்டுகொண்டே போனாலோ, பட்டென்று அறுந்தாலோ ஆறு மாதத்துக்கு ஆசையைத் தள்ளிவையுங்கள்.

தோலுக்கும் ஒரு சோதனை உண்டு. டோனரோ (வெளுத்த முடியின் சாயலை மாற்றப் போடுவது) டையோ எதைப் போடப் போகிறீர்களோ அதில் ஒரு பொட்டு எடுத்துக் காதுக்குப் பின்னால் அல்லது முழங்கை மடிப்பில் 48 மணி நேரம் முன்பே தடவிப் பாருங்கள். பல வருடம் ஒத்துக்கொண்ட டைகூட ஒருநாள் திடீரென்று ஒவ்வாமை கொடுக்கும். அரிப்பு, கொப்புளம், கண் இமை வீக்கம் வந்தால் ஓல்டு ஜெயில் ரோடு ஸ்டான்லி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குக் காலையிலேயே போய்விடுங்கள், பெட்டியையும் எடுத்துக்கொண்டு. மூச்சுத் திணறினால் காலை வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு.

4. இப்போது முடிவெடுங்கள்

கண்டிப்பாகப் பார்லர் என்றால்: கறுப்பு டை அடுக்கடுக்காக ஏறிய முடி, கலவை ஹென்னா வைத்த முடி, தலை முழுக்க ஹைலைட்ஸ் வேண்டுபவர்கள், ஏற்கெனவே ஒருமுறை பிளீச் செய்து பட்டையாக வந்தவர்கள்.

வீட்டில் செய்யலாம் என்றால்: ஒரே பிராண்டு பிரவுன் டையை மட்டும் போட்டவர், முகத்தை ஒட்டி ஆறு முதல் எட்டு ஸ்ட்ரீக் மட்டும் போதும் என்பவர், சோதனைக் கொத்து நன்றாக வந்தவர், கூட ஒரு ஆள் இருப்பவர். இந்த நான்கும் சேர்ந்து இருக்க வேண்டும்.

எங்குமே வேண்டாம் என்றால்: ஸ்ட்ரெயிட்டனிங் அல்லது ஸ்மூத்தனிங் செய்த நீளத்தில் பிளீச் போடச் சொல்லி யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். அந்த முடி ஒருமுறை ரசாயனத்தில் உடைந்து சேர்ந்த முடி, இரண்டாவது முறை தாங்காது. வளர்ந்து வெட்டிய பிறகு பார்க்கலாம். வீசிங் இருப்பவர்களும் பிளீச் பவுடர் பக்கம் போக வேண்டாம். அதில் இருக்கும் பெர்சல்பேட் தூள் மூச்சிரைப்பைக் கிளப்பும்.

ஒரே ஒரு கல்யாணத்துக்காக என்றால் இதெல்லாம் எதற்கு? கிளிப் போட்டு மாட்டும் கலர் ஸ்ட்ரீக் சவுகார்பேட்டையில் மலிவாகக் கிடைக்கிறது. மாலை மாட்டி இரவு கழற்றிவிடலாம்.

5. பார்லர் என்றால்: கேட்க வேண்டியதும் செலவும்

நான் விசாரித்தவரை சின்னப் பார்லர்களில் ஒரு ஸ்ட்ரீக்குக் கிட்டத்தட்ட 150 முதல் 300 ரூபாய். பாதித் தலைக்கு 2,000 முதல் 3,500. பெரிய செயின் பார்லர்களில் நீளமான முடிக்கு 5,000-க்கு மேல் போகும். பட்டையாக வந்த முடியைச் சரிசெய்ய அதற்கும் மேல். இவை என் பக்கத்து விலை. உங்கள் தெருவில் கொஞ்சம் கூடலாம் குறையலாம்.

ஆனால் பலகையில் எழுதிய விலை கடைசி விலை இல்லை. போனிலேயே இதைக் கேளுங்கள்: டோனர் இதில் சேர்த்தியா? ஷாம்பு வாஷ், டிரையர்? நீளமான முடிக்குக் கூடுதலா? ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா? 2025 செப்டம்பர் 22 முதல் அழகு நிலையச் சேவைகளுக்கு வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய விகிதத்தில் போட்டால் கேளுங்கள். பில்லில் ஜிஎஸ்டி எண்ணே இல்லாத சின்னக் கடை வரி என்று தனியாக வாங்கக் கூடாது.

நேரில் போனதும் உங்கள் தாளையும் போட்டோவையும் காட்டுங்கள். அவர்கள் அதைப் பார்த்துவிட்டு என்ன கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். "எத்தனை வால்யூம் டெவலப்பர் போடுவீங்க?" என்று கேளுங்கள். 20 வால்யூம் என்பது 6 சதவீத பெராக்சைடு, 30 என்பது 9, 40 என்பது 12. டை போட்ட முடிக்கு எடுத்த எடுப்பில் 40 என்பவரிடம் தலையைக் கொடுக்காதீர்கள். ஒரு கொத்தில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். "அதெல்லாம் வேண்டாம் மேடம், நாங்க டெய்லி பண்றோம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். நல்ல பார்லரில் "ஒரே தடவையில இந்த நிறம் வராது, ரெண்டு சிட்டிங் ஆகும்" என்று முன்கூட்டியே சொல்வார்கள். அதைக் கேட்டு ஏமாற்றமாக இருக்கும், ஆனால் அவர்தான் நம்ப வேண்டியவர்.

பவுடர் பாக்கெட்டையும் டெவலப்பர் பாட்டிலையும் உங்கள் கண் முன்னால் எடுக்கச் சொல்லலாம், அது உங்கள் உரிமை. அன்றைக்கே ஸ்மூத்தனிங்கும் சேர்த்துச் செய்தால் தள்ளுபடி என்று பேக்கேஜ் சொல்வார்கள். வேண்டவே வேண்டாம்.

ஒப்புதல் படிவம் கொடுத்தால் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பில் வாங்காமல் வராதீர்கள். ஜிபே ரசீது மட்டும் போதாது, என்ன சேவை என்று எழுதிய பில் வேண்டும். முடி பாழாகி, அவர்கள் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். முன்னும் பின்னும் எடுத்த போட்டோ, பில், படிவம் மூன்றும் இருந்தால்தான் பேச்சு எடுபடும்.

நேரம்: பாதித் தலைக்கு மூன்று நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். ஞாயிறும் முகூர்த்த நாளுக்கு முந்தின நாளும் வேண்டாம், அவசரத்தில் பிளீச் தடவிய கொத்தைச் சுற்றிய ஃபாயிலைத் திறந்து பார்க்கவே மாட்டார்கள். ஆடி மாதம் கல்யாணக் கூட்டம் இல்லாததால் பொறுமையாகச் செய்வார்கள், விலையும் பேசலாம்.

6. வீடு என்றால்: வாங்குவது

பிளீச் பவுடர், 20 வால்யூம் டெவலப்பர், டோனர், பிரஷ், பிளாஸ்டிக் கிண்ணம், கையுறை, வால் சீப்பு, கண்டிஷனர். ஃபாயிலுக்குச் சமையல் ஃபாயிலே போதும். எல்லாம் சேர்த்து 900 முதல் 1,500 ரூபாய்க்குள் அடங்கும். சவுகார்பேட்டை மொத்தக் கடைகளுக்குத் திருவொற்றியூர், விம்கோ நகர் பக்கத்தவர்கள் மெட்ரோவில் மண்ணடியில் இறங்கி நடக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் கடை திறந்திருக்காது.

அங்கே இரண்டு விஷயத்தில் கவனம். ஒன்று, பெயர் ஒட்டாத ஜிப் கவரில் அள்ளிக் கட்டிய பவுடர் பாதி விலைக்குக் கிடைக்கும். வாங்காதீர்கள். பேட்ச் எண், காலாவதித் தேதி, தயாரித்தவர் முகவரி இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதி செய்தவர் பெயரும் பதிவுச் சான்றிதழ் எண்ணும் ஒட்டியிருக்க வேண்டும். இரண்டு, முகத்துக்குப் போடும் பிளீச் கிட்டைத் தலைக்கும் ஆகும் என்று கொடுத்துவிடுவார்கள். ஆகாது.

7. தண்ணீர்

நம் பக்கத்தில் இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். வடசென்னையில் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பு. பக்கெட்டில் வெள்ளைப் படிவமோ துருக்கறையோ பிடிக்கிறது என்றால் அதே சுண்ணாம்பும் இரும்பும் முடியிலும் படிந்திருக்கும். பிளீச் அதன் மேல் ஒழுங்காக வேலை செய்யாது, திட்டுத்திட்டாக வரும். ஒரு வாரம் முன்பு, இந்தப் படிவத்தை நீக்கும் கீலேட்டிங் ஷாம்பு போட்டு ஒருமுறை அலசுங்கள்.

ஃபாயிலைப் பிரித்த பிறகு முடியில் பவுடர் துளிகூட நிற்காமல் அலச நிறையத் தண்ணீர் வேண்டும். பாதியில் தொட்டி காலியானால் பிளீச் முடியைத் தின்றுகொண்டே இருக்கும். அதனால் மெட்ரோ வாட்டர் வரும் நேரம் பார்த்து, டிரம்மோ பக்கெட்டோ நிரப்பி வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். போர் தண்ணீர் மட்டும்தான் என்றால் கடைசி அலசலுக்காவது கேன் தண்ணீர் அரைப் பக்கெட் வையுங்கள்.

8. போடும் நாள்

நரை டை போட்டு இரண்டு வாரமாவது ஆகியிருக்கட்டும். அன்று காலை தலைக்குக் குளிக்காதீர்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக் கலக்குங்கள், தூள் மூக்கில் ஏறும். மின்விசிறிக்கு நேராக உட்கார வேண்டாம், கலவை காய்ந்தால் வேலை நின்றுவிடும். மே மாத மதியப் புழுக்கத்தில் பிளீச் வேகமாக ஏறும் என்பதால் காலையிலேயே செய்யுங்கள்.

வால் சீப்பால் மெல்லிய கொத்தாகப் பிரித்து, கீழே ஃபாயில் வைத்து, தலைத்தோலிலிருந்து ஒரு சென்டிமீட்டர் விட்டுத் தடவுங்கள். தோலின் சூட்டில் வேர்ப்பக்கம் சீக்கிரம் வெளுக்கும். அங்கே டையும் கிடையாது, அதனால் இன்னும் சீக்கிரம். எனவே முதலில் டை ஏறிய நீளத்துக்கு மட்டும் தடவுங்கள். அது நிறம் மாறத் தொடங்கிய பிறகு வேர்ப்பக்கம் வாருங்கள். பட்டை விழாமல் தடுக்க இதுதான் வழி, அவசரத்தில் எல்லோரும் விடுவதும் இதைத்தான்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு ஃபாயிலாகத் திறந்து பார்க்க அக்காவோ நாத்தனாரோ கூட இருக்க வேண்டும். எது வந்துவிட்டதோ அதை மட்டும் பிரித்துத் துடைத்துவிடுங்கள். எல்லாம் சேர்ந்து வரட்டும் என்று காத்திருந்தால் முதலில் போட்டது வெந்துவிடும். ஹேர் டிரையரால் சூடு காட்டாதீர்கள். எரிச்சல் தாங்க முடியாமல் இருந்தால் நேரத்தைப் பார்க்காமல் கழுவுங்கள். கண்ணில் பட்டால் 15 நிமிடம் விடாமல் தண்ணீர் ஊற்றிவிட்டு டாக்டரிடம் போங்கள். மிஞ்சிய கலவையை மூடி போட்ட டப்பாவில் வைக்கக் கூடாது, வாயு சேர்ந்து வெடிக்கும். தண்ணீர் விட்டுக் கரைத்துக் கொட்டிவிடுங்கள்.

9. ஆரஞ்சில் நின்றால்

டை போட்ட கறுப்பு முடி ஒரு சிட்டிங்கில் பெரும்பாலும் ஆரஞ்சில்தான் நிற்கும். அதே நாள் திரும்ப பிளீச் போடாதீர்கள். ஆரஞ்சை அடக்க நீலச் சாயல் டோனர் வேண்டும், மஞ்சளை அடக்க ஊதா. கடையில் எதைக் கேட்டாலும் ஊதா ஷாம்பு எடுத்துக் கொடுக்கிறார்கள். ஆரஞ்சு முடியில் அது எவ்வளவு போட்டாலும் பலன் இல்லை. டோனர் முடியை மேலும் வெளுக்காது, சாயலை மட்டும் மாற்றும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

என் கருத்து, நம் தோல் நிறத்துக்கு ஆரஞ்சை எதிர்த்துச் சண்டை போடவே வேண்டியதில்லை. கேரமல், தேன் நிறம், செம்பு நிறம் மூன்றும் அந்த ஆரஞ்சின் மேலேயே அழகாக உட்காரும். சாம்பல் நிறம் வேண்டும் என்று போட்டோ காட்டிக் கேட்பவர்களுக்குத்தான் மூன்று நான்கு சிட்டிங், பணம், உடைந்த முடி எல்லாம்.

10. அடுத்த முறை நரைக்கு டை போடும்போது

மூன்று நான்கு வாரத்தில் வேரில் நரை எட்டிப் பார்க்கும், மறுபடி டை போட்டுத்தான் ஆக வேண்டும். அப்போது ஹைலைட்ஸ் கொத்துகளைத் தனியாகப் பிரித்து, நிறையக் கண்டிஷனர் தடவி, ஃபாயிலில் சுற்றி கிளிப் போட்டுவிடுங்கள். டையை வேரில் மட்டும் பிரஷ்ஷால் வையுங்கள். கழுவும்போது குனிந்து ஊற்றினால் கறுப்புத் தண்ணீர் முன்முடி வழியாகத்தான் ஓடும், ஒரே நாளில் ஹைலைட்ஸ் மங்கிவிடும். தலையைப் பின்னால் சாய்த்து, டை வைத்த இடத்தை முழுதாக அலசிய பிறகே ஃபாயிலைப் பிரியுங்கள்.

வெளுத்த முடி ஈரத்தில் பலவீனமாக இருக்கும். அதனால் சீயக்காயோ ஷாம்போ எதுவானாலும் அழுத்தித் தேய்க்காதீர்கள், பல் அகன்ற சீப்பால் நுனியிலிருந்து சிக்கெடுங்கள். டோனர் சில வாரங்களில் மங்கத் தொடங்கும், அதை மட்டும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். பிளீச்சை மறுபடி தொடுவது மூன்று மாதம் கழித்து, அதுவும் புதிதாக வளர்ந்த பகுதியில் மட்டும். ஏற்கெனவே வெளுத்த இடத்தில் மறுபடி பட்டால் சரியாக அந்த இடத்தில்தான் முடி அறும்.